ஸ்வால்பார்டில் பனிக்கரடி: கப்பலுக்குப் பணம் கட்டுவதிலிருந்து படம் எடுப்பது வரை

நான் முதன்முதலாக எடுத்த பனிக்கரடிப் படத்தில் கரடி ஒரு மொச்சைக்கொட்டை அளவுக்குக்கூட இல்லை. கப்பலின் முன்தளத்தில் எல்லாரும் "அதோ, அதோ" என்று முணுமுணுக்க, நான் பத்து நிமிடம் பைனாகுலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கடைசியில் பக்கத்திலிருந்த அம்மா என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்ட பிறகுதான் கண்ணில் பட்டது. வெள்ளைப் பரப்பில் லேசான மஞ்சளாக ஒரு புள்ளி. அதுவும் நடந்ததால்தான் தெரிந்தது.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளில் பாதி, கரடி கப்பலின் அடியில் வந்து நின்று மேலே முகர்ந்து பார்க்கும் படங்களைக் காட்டி ஆசை மூட்டுபவை. வட துருவத்துக்குப் பக்கத்திலுள்ள நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் 2025 ஜனவரி 1 முதல் சட்டம் மாறிவிட்டது. எந்த மாதம் போவது, எந்த லென்ஸ் எடுப்பது, எப்படிப்பட்ட படத்தை எதிர்பார்ப்பது எல்லாமே அந்தச் சட்டத்தை வைத்துத்தான் முடிவாகும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் தூரக் கணக்கு

ஸ்வால்பார்டில் மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை பனிக்கரடியிலிருந்து குறைந்தது 500 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். மற்ற மாதங்களில் 300 மீட்டர். கப்பல், ரப்பர் படகு, நடந்து போகிறவர் எல்லாருக்கும் இது ஒன்றுதான். தெரியாமல் அதைவிடக் கிட்டத்தில் போய்விட்டீர்கள் என்றால், கரடியைப் பார்த்ததும் பின்வாங்க வேண்டும். வசந்த மாதங்களில் தூரம் அதிகம் என்பதற்குக் காரணம் குட்டிகள். தாய்க் கரடிகள் பனிக்குகையை விட்டுக் குட்டிகளோடு வெளியே வருவது மார்ச், ஏப்ரலில்தான். குளிர்காலம் முழுக்கச் சாப்பிடாத தாய் சீல் வேட்டையாடி உடம்பைத் தேற்றிக்கொள்ளும் பருவமும் அதுவே.

300 மீட்டர் இருந்தால் சட்டம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். கரடியைத் துரத்துவது, உணவு காட்டி இழுப்பது, தொந்தரவு செய்வது எந்தத் தூரத்திலும் குற்றம். 400 மீட்டரில் நிற்கிறீர்கள், உங்களால் கரடி எழுந்து வேறு பக்கம் போகிறது என்றால் நீங்கள் தவறு செய்துவிட்டீர்கள். பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் நுழைய முடியாது. கரையிறங்குவதற்கும் அங்கே குறிப்பிட்ட 43 இடங்கள்தான். ட்ரோனுக்குத் தடை, அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

இந்தச் சட்டம் கரையிலிருந்து 12 கடல் மைல் வரை. வடக்கே பனி விளிம்பு, அதாவது கடற்பனி தொடங்கும் இடம், அதற்கு வெளியே இருக்கும் நாட்களில் சில கப்பல்கள் அங்கே இயந்திரத்தை அடக்கி நின்றுகொள்வதும், ஆர்வமான கரடி தானாக நெருங்கி வருவதும் நடக்கும். அந்த ஒரு வாய்ப்பை நம்பி லட்சக்கணக்கில் பணம் கட்டாதீர்கள். கிடைத்தால் லாபம், அவ்வளவுதான்.

ஏன் ஸ்வால்பார்ட், எந்த மாதம்

கனடாவின் சர்ச்சிலில் அக்டோபர், நவம்பரில் பெரிய சக்கர வண்டியிலிருந்து கரடி பார்க்கலாம். அது வேறு அனுபவம். கப்பலில் தங்கிக்கொண்டே பனியோரம் தேட வேண்டும் என்றால் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகள்தான் எளிது. ஓஸ்லோவிலிருந்து தீவுகளின் முக்கிய ஊரான லாங்யர்பியனுக்கு மூன்று மணி நேர விமானம். 78 டிகிரி வடக்கில் போய் இறங்கிவிடுவீர்கள்.

"அங்கே மனிதர்களைவிடக் கரடிகள் அதிகம்" என்று ஒரு வசனம் சுற்றுகிறது. அது ரஷ்யப் பக்கத்தையும் சேர்த்து பேரன்ட்ஸ் கடல் முழுவதற்கும் 2004-ல் எடுத்த மதிப்பீட்டை, அதாவது சுமார் 2,650 கரடிகளை, இந்தத் தீவுகளின் தலையில் ஏற்றிச் சொல்வது. தீவுகளிலேயே ஆண்டு முழுக்கத் திரிபவை சுமார் 300தான். மற்றவை கடற்பனியோடு வடக்கேயும் கிழக்கேயும் போய்விடும். இதனால் உங்களுக்கு என்ன என்றால், மேற்குக் கரையை மட்டும் சுற்றிவிட்டுத் திரும்பும் பயணத்தில் கரடி கிடைப்பது அதிர்ஷ்டம். வடக்குப் பனி விளிம்பு, ஹின்லோப்பன் நீரிணை, நோர்டாஸ்ட்லாண்டெட் தீவு, ஏழு தீவுகள் என்று பயணத் திட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். லாங்யர்பியனிலிருந்து பிரமிடன் போன்ற இடங்களுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பும் படகுகளில் கரடி தெரிந்தால் அது இலவச இணைப்பு. அதற்காக அந்தச் சீட்டை வாங்காதீர்கள்.

மாதத்துக்கு வருவோம். மே, ஜூனில் மலைகள் எல்லாம் வெள்ளையாக, பார்க்கவே அள்ளும். ஆனால் 500 மீட்டர். ஆகஸ்டில் பனி விளிம்பு பல ஆண்டுகளில் 81, 82 டிகிரிக்கு மேல் போய்விடுவதால், போய்வரவே கப்பல் இரண்டு நாளைச் செலவழிக்கும். கரையில் தங்கிவிட்ட கரடிகள் பழுப்புப் பாறை மேல் பளிச்சென்று தெரியும் என்பது ஒரு ஆறுதல். ஆகஸ்ட் கடைசி வாரத்திலிருந்து சூரியன் மறையத் தொடங்கும், அப்போது கிடைக்கும் தாழ்ந்த ஒளி வேறு எப்போதும் கிடைக்காது. என்னைக் கேட்டால் ஜூலையின் முதல் மூன்று வாரம். தூரம் 300 மீட்டராகக் குறைந்திருக்கும், பனி பெரும்பாலும் எட்டும் தொலைவில் இருக்கும், நள்ளிரவிலும் வெயில் இருக்கும். ஆண்டுக்கு ஆண்டு பனி மாறும். நார்வே வானிலை நிறுவனம் வார நாட்களில் பனி வரைபடம் வெளியிடுகிறது. புறப்படும் முன் இரண்டு வாரம் அதைப் பார்த்துப் பழகிக்கொண்டால் வழிகாட்டி தினமும் மாலையில் சொல்லும் திட்டம் உங்களுக்குப் புரியும்.

கப்பல் தேர்வு

12 பேர் போகும் சிறு படகிலிருந்து 200 பேர் கப்பல் வரை உண்டு. சிறிய படகில் எல்லாருக்கும் ஓரத்தில் இடம் கிடைக்கும், கரடிக்காக ஆறு மணி நேரம் காத்திருக்கலாமா என்று பத்துப் பேரிடம் கேட்டாலே போதும். ஆனால் ஆட்டம் அதிகம், தடித்த பனிக்குள் நுழைய முடியாது, விலையும் கூட. பெரிய கப்பலில் வசதி அதிகம், பனிக்குள்ளும் போகும். ஆனால் ரப்பர் படகில் ஏறுவதற்கு முறை போட்டுக் காத்திருக்க வேண்டிவரலாம். நூறு பேருக்குக் கீழே இருக்கும், பனிக்கு ஏற்ற வலுவுள்ள கப்பல் நடுத்தரமான தேர்வு.

பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் கேட்க வேண்டியவை: எல்லாப் பயணிகளும் ஒரே நேரத்தில் ரப்பர் படகுகளில் ஏற முடியுமா, முன்தளம் இரவிலும் திறந்திருக்குமா, கப்பலை ஓட்டும் அறைக்குள் பயணிகளை விடுவார்களா, எத்தனை வழிகாட்டிகள், கரடி கிடைத்தால் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போடுவார்களா. கடைசிக் கேள்வியைக் கேட்டுச் சிரிப்பார்கள், இருந்தாலும் கேளுங்கள். பதில் எழுதும் விதத்திலேயே கப்பலின் குணம் தெரிந்துவிடும்.

நாள் கணக்கில் கஞ்சம் பிடிக்காதீர்கள். முதல் நாள் மாலை ஏறுவீர்கள், கடைசி நாள் காலை இறக்கிவிடுவார்கள். ஏழு நாள் பயணம் என்றால் கையில் கிடைப்பது ஐந்து நாள், அதில் ஒன்றை மூடுபனி தின்றுவிடும். ஒன்பது, பத்து நாள் பயணம் எடுங்கள். அறையில் சிக்கனம் பிடிக்கலாம். மூன்று பேர் சேர்ந்து தங்கும் கீழ்த்தள அறை போதும், வெளிச்சம் இருக்கும் நேரத்தில் யார் அறையில் இருக்கப் போகிறார்கள்? அதுவும் நாள் முழுக்க வெளிச்சம்.

விசா விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள்

ஸ்வால்பார்டுக்கு விசா வேண்டாம் என்று படித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. அந்தத் தீவுகள் நார்வேயுடையவை, ஆனால் ஷெங்கன் பகுதிக்கு வெளியே. ஓஸ்லோ வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். லாங்யர்பியனுக்கு விமானம் ஏறும்போது ஷெங்கனை விட்டு வெளியேறுகிறீர்கள், திரும்பும்போது மறுபடி நுழைகிறீர்கள். ஆகவே இரண்டு முறையோ பல முறையோ நுழையும் விசாவாக இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் ஒற்றை நுழைவு என்று குறித்துவிட்டால் திரும்பும் வழியில் மாட்டிக்கொள்வீர்கள்.

காப்பீட்டில் அவசர மருத்துவ இடமாற்றம் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். லாங்யர்பியன் மருத்துவமனை சிறியது, பெரிய சிக்கல் என்றால் நார்வே நிலப்பகுதியிலுள்ள ட்ரொம்ஸோவுக்கு விமானத்தில்தான். கப்பல் புறப்படும் நாளுக்கு ஒரு நாள் முன்பே போய்ச் சேருங்கள். என் பெட்டி ஒருமுறை ஒரு நாள் தாமதமாக வந்தது. கேமராவும் ஒரு செட் கம்பளி உடையும் கைப்பையில் இருந்ததால் தப்பித்தேன்.

அந்த ஒரு நாளில் ஊரின் எல்லையில் நிற்கும் பனிக்கரடி எச்சரிக்கைப் பலகையைப் பார்த்துவிடுங்கள். கறுப்பில் வெள்ளைக் கரடி, கீழே "ஸ்வால்பார்ட் முழுவதற்கும் பொருந்தும்" என்று நார்வேஜியத்தில் எழுதியிருக்கும். எல்லாரும் அங்கே நின்று படம் எடுப்பார்கள். அதற்கு அந்தப் பக்கம் துப்பாக்கியுள்ள வழிகாட்டி இல்லாமல் ஓர் அடி வைக்காதீர்கள்.

உடை, சுருக்கமாக

கோடையில் கடலோரத்தில் பெரும்பாலும் 0 முதல் 7 டிகிரிதான். பனி விளிம்பில் அதற்கும் கொஞ்சம் கீழே போகும். குளிரைவிடக் காற்றுதான் ஆளைக் கொல்லும். உள்ளே கம்பளி, நடுவில் தடித்த ஒன்று, வெளியே காற்றும் நீரும் புகாத சட்டை, பேன்ட். ரப்பர் பூட்ஸ் பல கப்பல்களில் தருவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். கையுறை இரண்டு அடுக்கு: பட்டனை அழுத்தும் அளவுக்கு மெல்லியது உள்ளே, அதன் மேல் விரல் பிரியாத தடித்தது. அப்புறம், ஊட்டியில் வாங்கிய மங்கி குல்லாவைக் கிண்டல் செய்யாதீர்கள். ஆறு மணி நேரம் தளத்தில் நின்றவர்கள் என்னிடம் அது எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள்.

லென்ஸ்: கொஞ்சம் கணக்குப் போடுவோம்

முழு அளவு சென்சாரில் 600 மி.மீ. லென்ஸை 300 மீட்டரில் நிற்கும் கரடி மேல் வைத்தால், படத்தின் அகலத்தில் அடங்குவது 18 மீட்டர். பக்கவாட்டில் நிற்கும் கரடி இரண்டரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு என்று வையுங்கள். படத்தின் அகலத்தில் அது எட்டில் ஒரு பங்கு. 24 மெகாபிக்சல் கேமராவில் சுமார் 800 பிக்சல். இதையே 500 மீட்டரில் போட்டால் 480 பிக்சல்தான். இப்போது புரிகிறதா, ஏன் ஜூலை என்று சொன்னேன் என்று?

ஆகவே 400 மி.மீ. குறைந்தபட்சம், 500 அல்லது 600 வரை போகும் ஜூம் சரியானது. சிறிய சென்சார் கேமராவில் 400 என்பது 600 போல வேலை செய்யும், அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். மிகப் பெரிய, கனமான லென்ஸை வாடகைக்கு எடுத்துவந்து ரப்பர் படகில் தூக்க முடியாமல் அறையில் வைத்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கையில் பிடிக்க முடிந்ததே நல்ல லென்ஸ். இரண்டாவதாக 24-105 அல்லது 70-200 போல ஒன்று கட்டாயம். 300 மீட்டரிலிருந்து கரடியின் மூக்கு மயிரை எண்ண முடியாது. ஆனால் நீலப் பனிப்பாளம், கறுத்த நீர், பின்னால் பனியாற்றின் சுவர், நடுவில் ஒற்றைக் கரடி, இந்தப் படம் கிட்டத்தில் நின்றவர்களுக்குக் கிடைக்காது. நான் சுவரில் மாட்டியிருப்பது அப்படி 200 மி.மீ.-ல் எடுத்ததைத்தான்.

முக்காலியைக் கொண்டுபோகாதீர்கள். இயந்திர அதிர்வு தளத்தின் வழியாக நேரே அதன் கால்களில் ஏறிவிடும். உடம்பு அந்த அதிர்வை விழுங்கிவிடும், அதனால் முழங்கையை விலாவில் ஒட்டிக் கையில் பிடிப்பதே மேல். 8 அல்லது 10 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் ஒன்றும் வாங்குங்கள், ஆளுக்கு ஒன்று. கணவனும் மனைவியும் ஒரே பைனாகுலரோடு வந்தால் ஒன்பது நாளும் சண்டைதான்.

தேடுவது

வழிகாட்டிகள் மாறி மாறித் தேடிக்கொண்டே இருப்பார்கள். நீங்களும் தேடினால்தான் நேரமும் போகும், கண்ணும் பழகும்.

நிறத்தைத் தேடுங்கள். பனியில் வெள்ளையும் நீலமும்தான் உண்டு. கரடியின் மயிரில் சீல் கொழுப்பும் வெயிலும் ஏறி உறைந்த நெய்யின் நிறத்துக்கு வந்திருக்கும். பைனாகுலரை அங்குமிங்கும் அலையவிடாமல் ஏர் ஓட்டுவது போல இடமிருந்து வலம், கொஞ்சம் கீழிறக்கி வலமிருந்து இடம் என்று சால் சாலாகப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் நிறுத்தி, இருபது வரை எண்ணுங்கள். நகரவில்லை என்றால் பெரும்பாலும் அழுக்குப் பனி. கரையில் என்றால் பாறை. ஒவ்வொரு பயணத்திலும் எல்லாரையும் எழுப்பி மேலே ஓடிவரவைத்த ஒரு பாறை நிச்சயம் இருக்கும்.

கடற்காகங்கள் ஓரிடத்தில் கூடி ஏறி இறங்கினால் அங்கே இரை இருக்கலாம். பனியில் ரத்தச் சிவப்பு கிலோமீட்டர் கணக்கில் தெரியும். கரையொதுங்கிய திமிங்கில உடல் பற்றிய செய்தி கப்பல்களுக்குள் பரவியிருக்கும், வழிகாட்டியைக் கேளுங்கள். சீல்கள் பனி மேல் நிம்மதியாகப் படுத்திருந்தால் பக்கத்தில் கரடி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம், எப்போதும் சரியாக வராது.

யாராவது "இரண்டு மணி" என்றால் நேரம் சொல்லவில்லை. கப்பலின் மூக்கு பன்னிரண்டு மணி, வலப்பக்கம் மூன்று மணி. இதை முதல் நாளே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள், நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

கரடி கிடைத்த பிறகு

அறிவிப்பு வந்ததும் இரும்புக் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு ஓடாதீர்கள். கப்பலின் உடம்பு ஒரு பெரிய தகரம், உள்ளே எழும் சத்தம் பனியில் வெகுதூரம் கேட்கும். பேச்சைக் குறையுங்கள், போன் சத்தத்தை அடக்குங்கள். வழிகாட்டி லேசர் கருவியால் தூரம் அளப்பார். "இன்னும் கொஞ்சம் போகலாமே" என்று அவரை நெருக்காதீர்கள், மாட்டிக்கொள்வது அவரும் கேப்டனும்தான்.

கரடியின் உடம்பைப் படியுங்கள். படுத்திருக்கிறது, கொட்டாவி விடுகிறது, தன் வழியில் நடக்கிறது என்றால் பரவாயில்லை. நடை நின்று தலை உயர்ந்து உங்கள் பக்கமே முகர்ந்துகொண்டிருந்தால், நடந்த திசை மாறினால், தாய் குட்டிகளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வேகம் கூட்டினால், புஸ்ஸென்று மூச்சை ஊதினால், போதும் என்று அர்த்தம். கப்பல் அப்போது விலகும். ஏன் விலகுகிறது என்று புகார் சொல்லும் கூட்டத்தில் சேராதீர்கள்.

ஒருமுறை ஒரு கரடி சீல் மூச்சுவிடும் துளையருகில் குப்புறப் படுத்திருந்தது. தாடை பனியில், பின்னங்கால்கள் இரண்டும் தவளை போல விரிந்து, காது மட்டும் அவ்வப்போது அசைந்தது. முதல் அரை மணி நேரம் எல்லாரும் இருந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து சூப் வந்துவிட்டது என்று பாதிப் பேர் இறங்கிப் போனார்கள். இரண்டு மணி நேரமாகியும் சீல் வரவில்லை. கரடி எழுந்து துளைக்குள் மூக்கை விட்டுப் பார்த்தது, பிறகு பனியில் உருண்டு முதுகைத் தேய்த்தது, நான்கு பாதமும் வானத்தைப் பார்க்க. அந்த முப்பது விநாடிதான் அந்தப் பயணத்தின் படம். அப்போது தளத்தில் பதினோரு பேர் இருந்தோம்.

கேமரா அமைப்பு

கப்பலிலிருந்து ஷட்டர் 1/1000 விநாடி, ரப்பர் படகில் 1/2000. லென்ஸ் துவாரம் எஃப் 6.3 முதல் 8. ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியுணர்வு அளவை, தானியங்கியில் விட்டுவிடுங்கள். கோப்பு ரா (RAW) வடிவில்.

பனி நிறைந்த காட்சியைக் கேமரா சாம்பலாக்கிவிடும், எக்ஸ்போஷரை முக்கால் முதல் ஒரு படி கூட்டுங்கள். கறுத்த நீரோ பாறையோ படச்சட்டத்தை நிரப்பினால் கூட்டியதைக் குறைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கரடி வெளுத்து வெறும் வெள்ளைப் பொம்மையாகிவிடும். கேமரா திரையில் வெளிச்சத்தின் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தை முட்டாமல் இருக்கட்டும். குவியப் புள்ளியைச் சிறிதாக வைத்துக் கரடியின் தலையில் வையுங்கள், பெரிதாக வைத்தால் முன்னால் இருக்கும் பனிமேடு கவ்விக்கொள்ளும்.

உயரம் பற்றி ஒரு வார்த்தை. விலங்கை அதன் கண்மட்டத்தில் எடு என்ற விதியை நம்பிக் கீழ்த்தளத்துக்கு ஓடுவோம். கரையில் நிற்கும் கரடிக்கு அது சரி. நொறுங்கிக் குவிந்த கடற்பனியில் 300 மீட்டர் தள்ளி இருக்கும் கரடிக்குக் கீழ்த்தளத்திலிருந்து கால் தெரியாது, பனிமேடுகள் மறைத்துவிடும். ஒரு தளம் மேலே ஏறிப் பாருங்கள்.

மற்ற எதையும்விட அதிகப் படங்களைக் கெடுப்பது வெப்ப அலை. மதிய வெயிலில் தார்ச்சாலை நெளியுமே, அதேதான். கதகதப்பான அறையிலிருந்து எடுத்துவந்த லென்ஸின் முன்னால் சூடான காற்று சுருண்டுகொண்டிருக்கும், ஒரு படம்கூடக் கூராக வராது. பழியைக் குவியத்தின் மேல் போடுவோம். லென்ஸை அரை மணி நேரம் முன்பே வெளியே குளிரவிடுங்கள், முன்னாலுள்ள ஹூடைக் கழற்றிப் பாருங்கள், புகைபோக்கிக்குப் பின்பக்கம் நிற்காதீர்கள், அறை ஜன்னலைத் திறந்து அதன் வழியாக எடுக்கவே எடுக்காதீர்கள். நான் ஒரு கரடியை அப்படித்தான் நாசமாக்கினேன், ஜன்னலோரம் சௌகரியமாக உட்கார்ந்து.

உள்ளே திரும்பும்போது சிக்கல் தலைகீழாக வரும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வேர்ப்பது போல லென்ஸ் வேர்க்கும். வெளியிலேயே பைக்குள் வைத்து ஜிப்பை மூடி, உள்ளே வந்த பின் ஒரு மணி நேரம் திறக்காதீர்கள். மெமரி கார்டை முன்பே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஆசை தாங்காமல் திறந்துவிடுவீர்கள். உதிரி பேட்டரி உள்சட்டைப் பையில்.

திரும்பும் முன்

தினமும் இரவு படங்களை இரண்டு இடத்தில் நகலெடுங்கள். பெரிதாக்கிப் பார்க்கும்போது கழுத்தில் ஆய்வுப் பட்டை கட்டிய கரடி ஏதும் தெரிந்தால் அது பெண் கரடி. ஆணின் கழுத்து தலையைவிடப் பருமன் என்பதால் பட்டை நழுவி விழுந்துவிடும், அதனால் கட்டுவதில்லை. காதில் குறியோ முதுகில் எண்ணோ தெரிந்தாலும் நேரத்தையும் இடத்தையும் குறித்து வழிகாட்டியிடம் கொடுங்கள். நார்வே துருவ ஆய்வு நிறுவனம் இப்படிப் பார்த்த விவரங்களைச் சேகரிக்கிறது. 800 பிக்சல் கரடி அவர்களுக்குத் தாராளம்.